வாயில் தேடிச் சென்ற மருத்துவம்

நோயுற்ற முதியவர் ஒருவரை மருத்துவர் நன்கு ஆராய்ந்து மருந்து எழுதித் தருகிறார். "இதனை நாளும் இருவேளை உண்ணுங்கள், உப்பைக் குறையுங்கள், பதினைந்து நாள் கழித்து மீண்டும் வாருங்கள்" என்று அன்புடன் கூறி அனுப்புகிறார். மருத்துவரின் கடமை அத்துடன் முடிந்தது என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால், அம்முதியவர் தனியராய் நான்காம் மாடியில் ஒற்றையறையில் வாழ்பவர். படியேறி இறங்க மூச்சு இடந்தராதவர். மருத்துவர் பேசிய மொழியும் அவருக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல நாணித் தலையை மட்டும் அசைத்துவிட்டு வந்துவிட்டார். பதினைந்து நாள் கழிந்தது, அவர் செல்லவில்லை. 'நோயாளி வரவில்லை' என்று மருத்துவமனை ஏட்டில் ஒரு வரி எழுதப்பட்டது. ஏன் வரவில்லை என்று கேட்பவர் யார்?

அவ்வினாவைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவர் சமூகப் பணியாளர். இத்தொழில் மருத்துவமனைக்குள் புகுந்து மிக நெடுங்காலம் ஆகிவிடவில்லை. இலண்டன் மாநகரில் ராயல் பிரீ மருத்துவமனையில் 1895ஆம் ஆண்டு மேரி ஸ்டூவர்ட் என்னும் அம்மையார் இப்பணியில் அமர்ந்தார். இலவச மருத்துவம் பெறத் தகுதியற்றவர் யார் என்று பிரித்தறிவதே அவருக்கு முதலில் இடப்பட்ட வேலை. வாயில் காப்பதற்கென்று தோன்றிய பணி, நாளடைவில் வாயிலைத் திறந்துவிடும் பணியாக மாறியது வியப்பே. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்டு கேபட் என்ற மருத்துவர் 1905ஆம் ஆண்டு இம்முறையைத் தொடங்கினார். நோயாளி வாழும் வீட்டையும் செய்யும் தொழிலையும் அறியாமல் அவருக்கு எழுதித் தரும் மருந்து பாதிப் பயனே தரும் என்பதை அவர் கண்டறிந்திருந்தார். அங்கே ஐடா கேனன் என்னும் அம்மையார் பல்லாண்டுகள் உழைத்து இப்பணியை ஒரு துறையாகவே வளர்த்தார்.

இப்பணி முதியோர் வாழ்வில் எத்தகைய மாறுதலை விளைக்கும் என்பதை அறிய, நாம் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் செல்லவேண்டும். கலிபோர்னியா மாநிலத்தில் கடலை அடுத்துக் குன்றுகளின்மேல் அமைந்த நகரம் சான்பிரான்சிஸ்கோ. அதன் வடகிழக்குப் பகுதியில் சீனர் வாழும் பேட்டையும், இத்தாலியர் மிகுதியாகக் குடியேறிய நார்த் பீச் என்னும் பகுதியும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. அவற்றின் ஓரத்திலே பிலிப்பைன்ஸ் தீவினர் வாழ்ந்த தெருவும் இருந்தது. இம்மூவகை மக்களும் பிழைப்பு நாடி இளமையில் கடல் கடந்து வந்தவர்கள். அந்நகரிலேயே முதுமையும் அடைந்தவர்கள்.

இவர்களுள் சீனரின் வரலாறு துயரம் நிறைந்தது. இருப்புப்பாதை அமைக்கவும் சுரங்கம் தோண்டவும் அவர்கள் வேண்டப்பட்டனர்; வேலை முடிந்தபின் வேண்டாதவர் ஆயினர். சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் 1882ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அது 1943ஆம் ஆண்டு வரை நீங்கவில்லை. முன்னரே வந்துவிட்ட தொழிலாளர் தம் மனைவியரை அழைத்துக்கொள்வது அரிதாயிற்று. வெள்ளையர் குலத்துப் பெண்ணை மணக்கவும் கலிபோர்னியச் சட்டம் 1948ஆம் ஆண்டு வரை இடந்தரவில்லை. ஆகவே, ஆயிரக்கணக்கான ஆடவர் மணமின்றியோ, மனைவி மக்களைக் கடலுக்கு அப்பால் விட்டோ, தனித்தே மூப்பெய்தினர். நகரத்து மருத்துவமனைகள் அவர்களை ஏற்கத் தயங்கின. அதனால் சீனர் தமக்குள்ளேயே பொருள் திரட்டி 1925ஆம் ஆண்டு தமக்கென ஒரு மருத்துவமனையைக் கட்டிக்கொண்டனர். பிலிப்பைன்ஸ் தீவினரும் 1920களிலும் 1930களிலும் வயல்வேலைக்கும், மீனைத் தகரத்தில் அடைக்கும் ஆலை வேலைக்கும் இளைஞராய் வந்து, அவ்வாறே தனித்து முதிர்ந்தவர்கள். அவர்களுடைய இளந்தலைமுறையினர் அம்முதியவர்களை 'மனோங்' என்று அழைத்தனர். அண்ணன் என்பது அதன் பொருள். இத்தாலியருக்கோ குடும்பம் இருந்தது. ஆனால் பிள்ளைகள் நல்ல நிலையடைந்து புறநகர்களுக்குச் சென்றுவிட, மீன்பிடித்தும் கடை நடத்தியும் வாழ்ந்த பெற்றோர் பழைய தெருவிலேயே தங்கிவிட்டனர்.

அவர்களுட் பலர் வாழ்ந்த அறைகளைப் பற்றியும் கூறவேண்டும். ஏறத்தாழ எட்டடிக்குப் பத்தடி அளவுள்ள ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஆணியில் தொங்கும் சட்டை. சமையலிடமும் குளியலறையும் நடையின் கோடியிலே மாடியில் உள்ளோர் அனைவருக்கும் பொது. இத்தகைய அறையில் முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் உண்டு. அயலார் கண்ணுக்கு அது சிறை போலத் தோன்றலாம். ஆயினும் கீழே இறங்கினால் தம் மொழி பேசும் கடைக்காரர். எதிரே தமக்குப் பழகிய தேநீர்க் கடை. பூங்காவில் சதுரங்கம் ஆட நண்பர். அவ்வறை அவர்களுக்கு ஓர் ஊரின் வாயிலாய் இருந்தது. இதனை நினைவிற் கொண்டால்தான் பின்னர் நிகழ்ந்தது விளங்கும்.

அமெரிக்க அரசு 1965ஆம் ஆண்டு மெடிகேர், மெடிகெய்டு என்னும் இரு திட்டங்களைச் சட்டமாக்கியது. முன்னது அறுபத்தைந்து வயது நிரம்பியோர்க்கு உரியது; பின்னது வறியோர்க்கு உரியது. நிறவேற்றுமை பாராட்டும் மருத்துவமனைக்கு மெடிகேர்ப் பணம் கிடையாது என்று அரசு உறுதியாக நின்றமையால், கறுப்பின மக்களைத் தனிக்கூடங்களில் ஒதுக்கிவைத்திருந்த தென்மாநில மருத்துவமனைகள் பலவும் 1966ஆம் ஆண்டில் அவ்வழக்கத்தைக் கைவிட நேர்ந்தது. அறவுரையால் நெடுநாள் ஆகாதது பணத்தால் சில திங்களில் ஆயிற்று.

எனினும், சட்டம் வாயிலைத் திறந்ததே தவிர, வாயில் வரை வர இயலாதவரைத் தூக்கிவரவில்லை. மொழித் தடை ஒன்றையே எண்ணிப் பாருங்கள். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. பள்ளியில் பயிலும் பேரனுக்குத் தெரியும். ஆகவே பேரனை உடனழைத்துச் செல்கிறாள். பாட்டிக்குக் குடலில் கட்டி என்று மருத்துவர் சொல்கிறார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் அச்சொல்லை எவ்வாறு மொழிபெயர்ப்பான்? "வயிற்றுவலிதான், சரியாகிவிடும் என்கிறார்" என்று கூறிவிடுகிறான். பாட்டியும் தன் உடம்பின் மறைவான துன்பங்களைப் பேரனை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கூற நாணுகிறாள். இருவரும் ஒருவரையொருவர் காக்க எண்ணியே உண்மையை மறைத்துவிடுகின்றனர். அன்பு குறைந்ததனால் வந்த கேடன்று இது. மொழியறிந்த பணியாளர் ஒருவரை அங்கே அமர்த்தாமையால் வந்த கேடு.

தள்ளாமை முற்றியபின் வேறொரு துன்பம் காத்திருந்தது. எழுந்து நடக்கவும் குளிக்கவும் பிறர் துணை வேண்டும் நிலையை அடைந்தவர் செவிலியர் இல்லங்களில் சேர்க்கப்படுவது அந்நாட்டு வழக்கம். அவ்வில்லங்கள் சீனர் பேட்டைக்கு வெளியே இருந்தன. அங்கே சென்ற முதியவருக்குப் பேச ஆள் இல்லை. உண்ணப் பழகிய உணவில்லை. தாகம் என்று சொல்லவும் இயலாமல் அயலார் நடுவே படுத்திருக்க நேரிடும். முதியோர் பலரும் இறப்பைவிட இதற்கே அஞ்சியதில் வியப்பில்லை.

இந்நிலையில் அப்பகுதிச் சான்றோர் சிலர் ஒரு குழுவாகக் கூடினர். அக்குழுவின் தலைவர் வில்லியம் கீ, பொதுச் சுகாதாரத் துறையில் பணிபுரிந்த பல் மருத்துவர். 1971ஆம் ஆண்டு அக்குழு மேரி லூயிஸ் ஆன்சாக் என்னும் சமூகப் பணியாளரை அமர்த்தி, வழி யாதெனக் கண்டறியுமாறு வேண்டிக்கொண்டது. ஒரு செவிலியர் இல்லத்தை நம் பகுதியிலேயே கட்டிவிடலாம் என்னும் எண்ணமே அப்போது மேலோங்கியிருந்தது. ஆன்சாக் அம்மையார் ஆராய்ந்து கண்ட முடிவு வேறு. அத்தகைய இல்லம் கட்டுதற்குப் பொருள் போதாது. போதினும் இம்மக்களின் வாழ்க்கை முறைக்கு அது பொருந்தாது. முதியவரை வீட்டிலிருந்து பெயர்க்காமல் காப்பதற்கு வழியுண்டா என்பதே கேட்கத்தக்க கேள்வி என்று அவர் கருதினார். கேட்டதைக் கட்டித் தந்து நல்ல பெயர் பெறுவது எளிது. கேட்டவரிடமே திரும்பி வந்து, 'நாம் தேடியது சரியன்று' எனச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். இத்துணிவையே அம்மையாரின் தொண்டுகளுள் தலையாயதாக நான் கருதுகிறேன்.

இங்கிலாந்தில் பகல் மருத்துவமனை என்றொரு முறை இருந்தது. முதியவர் பகற்பொழுதில் வந்து மருத்துவமும் பயிற்சியும் பெற்று, இரவில் வீடு திரும்புவர். அம்முறையை முன்மாதிரியாகக் கொண்டு 1973ஆம் ஆண்டு ஒரு பகல் நிலையம் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் முதன்முதல் தோன்றிய அத்தகைய நிலையங்களுள் அதுவும் ஒன்று. அதற்கு 'ஆன் லோக்' என்று பெயரிட்டனர். அமைதியும் இன்பமும் உறையும் இல்லம் என்பது காண்டன் மொழியில் அதன் பொருள்.

ஆன் லோக் வளர்த்த முறையில் ஒரு நாள் எவ்வாறு செல்கிறது என்று காண்போம். காலையில் வண்டி ஒன்று தெருத்தெருவாகச் சென்று முதியவர்களை ஏற்றிவருகிறது. நடக்க இயலாதவரை உதவியாளர் வீட்டு வாயிலிலிருந்தே கைபிடித்து அழைத்து வருகிறார். நிலையத்தில் செவிலியர் குருதியழுத்தம் பார்க்கிறார்; பயிற்சியாளர் கைகால்களுக்கு உரிய பயிற்சி தருகிறார்; வீட்டில் குளிக்க இயலாதவர் இங்கே குளிக்கிறார். மருத்துவரும் அங்கேயே இருக்கிறார். வேறோர் ஊருக்கு வேறொரு நாளில் செல்லவேண்டுவதில்லை. நண்பகலில் அவரவர் நாவுக்கு உகந்த உணவு உண்டு. சீன முதியவர் விரும்பியுண்ணும் அரிசிக் கஞ்சியை ஆங்கிலேயர் 'காஞ்சி' என்கின்றனர். அச்சொல் நம் தமிழ்க் கஞ்சியிலிருந்தே அம்மொழிக்குச் சென்றது. நோயுற்றவனுக்கு எது இதமான உணவு என்பதில் கடல் கடந்த இரு மக்களும் ஒத்திருக்கின்றனர் போலும்! மாலையில் வண்டி அவர்களை மீண்டும் வீட்டில் விடுகிறது.

பகலில் மட்டும் காத்தால் போதாது என்பது விரைவில் புலனாயிற்று. 1975ஆம் ஆண்டில் வீட்டிற்கே சென்று உதவுதலும், உணவு கொண்டுபோய்க் கொடுத்தலும், தங்குமிடம் பெற உதவுதலும் சேர்ந்தன. தங்குமிடத்திற்கும் மருத்துவத்திற்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் உண்டு. சீனர் பேட்டையின் எல்லையில் இருந்த இன்டர்நேஷனல் ஹோட்டல் என்னும் விடுதியில் பிலிப்பைன்ஸ் முதியோரும் சீன முதியோரும் நெடுங்காலமாகக் குறைந்த வாடகைக்கு வாழ்ந்துவந்தனர். அதனை இடித்து வேறு கட்டடம் எழுப்ப விரும்பினர் உடைமையாளர். பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பின், 1977ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் விடியுமுன்னர் நூற்றுக்கணக்கான காவலர் வந்து முதியவர்களை வெளியேற்றினர். ஆயிரக்கணக்கான மக்கள் கைகோத்து அரணாக நின்றும் தடுக்க இயலவில்லை. அறையை இழந்த முதியவர், தம் மருந்து வாங்கும் கடையையும், தம் நோயறிந்த அண்டைவீட்டாரையும், விழுந்தால் தூக்க ஓடிவரும் நண்பரையும் ஒரே நாளில் இழந்துவிடுகிறார். அதே இடத்தில் எளிய முதியோர்க்கான குடியிருப்பு 2005ஆம் ஆண்டில்தான் எழுந்தது. வெளியேற்றப்பட்டவருள் பெரும்பாலோர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

1978ஆம் ஆண்டளவில் ஆன் லோக் முழு மருத்துவத்தையும் தன் பொறுப்பில் ஏற்றது. அதன்பின் இம்முறையின் உயிர்நிலையாக அமைந்தது ஒரு குழு. மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், உடற்பயிற்சி வல்லுநர், உணவியல் அறிந்தவர், வீட்டுதவியாளர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து ஒவ்வொரு முதியவரைப் பற்றியும் கலந்து பேசுகின்றனர். அக்குழுவில் வண்டியோட்டிக்கும் ஓர் இடம் உண்டு. இது மேம்போக்கான மரியாதையன்று. பிற்காலத்தில் இம்முறை நாடெங்கும் பரவியபோது அரசு விதியிலேயே அவருடைய இடம் எழுதப்பட்டது. முதியவரின் வாயிலில் நாள்தோறும் நிற்பவர் அவரே அல்லவா? மருத்துவர் முதியவரைக் காணும்போது அவர் தூய ஆடை உடுத்து அமர்ந்திருப்பார். வண்டியோட்டியோ அவர் படியிறங்குவதைக் காண்கிறார். நேற்று ஒரு கையால் பிடித்து இறங்கியவர் இன்று இருகையாலும் பற்றுகிறார். கதவைத் திறக்க வழக்கத்தினும் நெடுநேரம் ஆயிற்று. அறையில் உணவுப் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. இவற்றை அவர் குழுவில் உரைக்கிறார். நோய் முற்றி மருத்துவமனைக்குச் செல்லுமுன்னரே அறிகுறி தெரிந்துவிடுகிறது.

சமூகப் பணியாளரின் கடமை இவையனைத்தையும் ஒன்றாகக் கோப்பது. அவர் முதன்முறை ஒரு முதியவரின் இல்லத்திற்குச் செல்லும்போது நோயைப் பற்றி உடனே வினவுவதில்லை. எத்தனை படிகள், விளக்கு எரிகிறதா, அடுப்பு எங்கே, சாவி வேறு யாரிடம் உள்ளது என்று பார்க்கிறார். மருந்தை ஏன் உண்ணவில்லை என்று கடிந்துகொள்ளாமல், எவ்வாறு உண்கிறீர்கள் என்று கேட்கிறார். விலை மிகுதியால் நாள்விட்டு நாள் உண்பதாக அப்போதுதான் உண்மை வெளிவரும். ஒருவர் ஆங்கில மருந்தோடு தம் நாட்டு மூலிகைக் கஷாயமும் அருந்துகிறார் என்றால், ஏளனம் செய்யாமல் அதன் பெயரைக் கேட்டெழுதி மருத்துவரிடம் சேர்க்கிறார். ஏளனத்திற்கு அஞ்சுபவர் மறைப்பார். மறைத்தால் இரு மருந்தும் முரணித் தீங்கு நேரலாம். அரசு தரும் உதவிக்கு விண்ணப்பம் எழுதுவதும், பிரிந்து வாழும் மகனுக்குச் செய்தி சொல்வதும், இறுதிக் காலத்தில் எத்தகைய மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்பதை முதியவரின் வாய்மொழியாகவே கேட்டறிந்து வைப்பதும் அவர் பணிகளே.

இனிப் பொருள்வழியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும்; இஃது இல்லையேல் மற்றவை நில்லா. செய்யும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியே கூலி தருவதே அந்நாட்டில் பழைய முறை. முதியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சைக்குப் பெருந்தொகை கிடைக்கும். விழாமல் இருப்பதற்குச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தினால் ஒரு காசும் கிடைக்காது. 1983ஆம் ஆண்டு முதல் ஆன் லோக் வேறொரு முறையைச் சோதிக்க அரசு இசைந்தது. ஒவ்வொரு முதியவருக்கும் திங்கள்தோறும் குறித்த ஒரு தொகை. அதற்குள் அவருடைய மருத்துவம் முழுவதும் அடங்கவேண்டும். அதன்பின் கைப்பிடி பொருத்துவது ஆதாயம் ஆயிற்று. வேண்டுமானால் குளிர்காலத்தில் ஒரு கம்பளியும் வாங்கித் தரலாம். எப்பட்டியலில் எழுதுவது என்று தயங்க வேண்டுவதில்லை.

தொகையை வாங்கிக்கொண்டு மருத்துவத்தைக் குறைத்துவிட்டால் என் செய்வது என்று மாணவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே. மருத்துவமனைச் செலவும், செவிலியர் இல்லத்தில் சேர்க்க நேர்ந்தால் அச்செலவும் அந்நிறுவனத்தையே சாரும் என்பதால், இன்று புறக்கணித்த நோய் நாளை பெருஞ்செலவாய் அவர்கள் தலையிலேயே விழும். அதுவே ஒரு காவல். ஆனால் அக்காவல் மட்டும் போதாது. அரசின் கண்காணிப்பும் இடையறாமல் வேண்டும்.

1986ஆம் ஆண்டு இம்முறையை வேறு பத்து இடங்களிலும் நடத்திப் பார்க்கச் சட்டம் இடமளித்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது மெடிகேர்த் திட்டத்தின் நிலையான பகுதியாயிற்று. பேஸ் என்னும் சுருக்கப் பெயரால் இன்று முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் அது நடைபெறுகின்றது. சீனர் பேட்டையில் கஞ்சியும் காண்டன் மொழியுமாகத் தொடங்கியது, வேறிடங்களில் அவ்விடத்து மக்களின் உணவும் மொழியும் கொண்டு நடக்கிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஐம்பத்தைந்து வயது நிரம்பி, செவிலியர் இல்லத்தில் சேரும் அளவுக்குத் தளர்ந்தவர் என்று மாநில அரசு சான்று அளித்தால்தான் இதில் சேரலாம். அவ்வளவு தளராதவருக்கு இடமில்லை. நிலையத்தின் எல்லைக்குள் வாழவேண்டும் என்பதால் நாட்டுப்புறத்து முதியோர் பலருக்கு இது எட்டாத கனி. நெடுநாள் பழகிய தம் மருத்துவரைப் பலர் விட்டுவர நேர்கிறது. சிலர் அதன்பொருட்டே சேர மறுக்கின்றனர். மெடிகெய்டு பெறும் அளவுக்கு வறியரும் அல்லாமல், கைப்பொருள் கொண்டு கட்டணம் செலுத்தும் செல்வரும் அல்லாமல் இடையில் நிற்போர் நிலையே மிகவும் இரங்கத்தக்கது. அத்தகையவர் ஒருவர் விண்ணப்பத்தாளோடு வந்து நிற்கும்போது, 'விதியில் இடமில்லை' என்று ஏட்டில் எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடும். நல்ல சமூகப் பணியாளர் அத்தாளை மடித்து வைத்துவிட்டு, அவரை அமரச் செய்து, அவருடைய வீட்டில் எத்தனை படிகள் என்று கேட்கத் தொடங்குகிறார்.